புதுப்பிப்பு: கண்டியில் பார்த்த தொப்பிச் சின்னம்

கண்டியில் பழைய சாமான் கடையொன்றில் பார்த்த சிலோன் பிளான்டர்ஸ் ரைபிள் கோர் என்ற பழைய படையின் தொப்பிச் சின்னம் அசலா என்று முன்பு கேட்டிருந்தேன். போலிதான்.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். அசல் சின்னம் தகட்டில் அச்சால் அடித்தது, முன்பக்க மேடு பின்னால் குழியாகத் தெரியும். இதன் பின்புறம் தட்டை. சரி, தடித்த தகடாக இருந்தால் அசலும் தட்டையாக வரலாம். அதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆனால் மேலெல்லாம் ஊசிமுனைத் துளைகள், எழுத்தோரங்கள் மழுங்கல். உருக்கி வார்த்ததன் அடையாளம் அதுதான். பழசாகக் காட்டப் பள்ளங்களில் கறுப்புச் சாயம் வேறு.

1900இல் தொடங்கி 1949இல் கலைந்த, தோட்டத் துரைமாரின் தொண்டர் படை அந்த ரைபிள் கோர். நம் பாட்டிமார் கொழுந்தெடுத்த தோட்டங்களின் வரலாறும் அதில் இருக்கிறது. போலி செய்து விற்பது பொறுக்கவில்லை. கடைக்கார அண்ணனிடம் துளைகளைக் காட்டினேன், கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.