மைக்ரோவும் (நுண்பொருளியல்) அக்கவுண்டிங்கும் ஒரே செமஸ்டரில்: வகுப்பில் புரிவது தேர்வில் ஏன் கைவிடுகிறது?

முதலாண்டு_வணிகம்:
பொருளாதாரமும் வணிக நிர்வாகமும் சேர்ந்த பட்டப்படிப்பு, முதல் ஆண்டு. மூன்று இடத்தில் இடிக்கிறது. முற்றுரிமைக் (சந்தையில் ஒரே விற்பனையாளர்) கணக்கில் படம் புரிகிறது, எண் கொடுத்தால் விடை தப்பு. ட்ரயல் பேலன்ஸ் (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புப் பட்டியல், இரு பக்கக் கூட்டலும் சமமாக வரவேண்டும்) பொருந்துவதே இல்லை, தேடியே நேரம் போகிறது. அப்புறம் இந்த ‘லாபம்’. ஒரே தொழிலுக்கு இரண்டு பேப்பரிலும் இரண்டு விடை வருகிறது. ‘நன்றாகப் படி’ வேண்டாம், எங்கே வழுக்குகிறது என்று சொல்லுங்கள்.

சாய்வுக்கோடு:
முற்றுரிமைக் கணக்கில் பெரும்பாலும் தப்புவது பொருளாதாரம் அல்ல, முதல் வரி அல்ஜீப்ரா. கேள்வியில் தேவை இப்படி வரும்: அளவு = 100 − 2 × விலை. படத்திலோ விலை நிற்கும் அச்சில் இருக்கிறது. பொருளாதார அறிஞர் மார்ஷல் காலத்து வழக்கம், அனுபவித்துத்தான் ஆகவேண்டும். ஆகவே முதலில் திருப்பிப் போடுங்கள்: விலை = 50 − 0.5 × அளவு. இறுதிநிலை வருவாய்க்கு, அதாவது இன்னும் ஒரு அலகு விற்றால் கூடும் வருவாய்க்கு, சாய்வை இரட்டிப்பாக்கும் குறுக்குவழி இந்த வடிவத்தில்தான் செல்லும்: 50 − அளவு. திருப்பாமல் அந்த 2ஐ 4 ஆக்கினால் அங்கேயே முடிந்தது.

லாபம் உச்சமாவது இறுதிநிலை வருவாயும் இறுதிநிலைச் செலவும் (இன்னும் ஒரு அலகு தயாரித்தால் கூடும் செலவு) சமமாகும் இடத்தில். அந்தச் செலவு 10 என்றால் 50 − அளவு = 10, அளவு 40. அடுத்த பொறி இங்கேதான்: வெட்டுப்புள்ளியிலிருந்து நேராக இடப்பக்கம் போய் விலை 10 என்று எழுதிவிடுவது. அந்தப் புள்ளி அளவை மட்டும்தான் சொல்லும். அங்கிருந்து மேலே ஏறித் தேவைக் கோட்டைத் தொட்ட பிறகே இடப்பக்கம் திரும்ப வேண்டும். விலை 30.

சரிபார்க்க அரை நிமிடம் போதும். குறியை விட்டுவிட்டால் நெகிழ்ச்சி (விலை 1% மாறினால் தேவை எத்தனை % மாறும்) 2 × 30 ÷ 40 = 1.5. விலைக்கும் இறுதிநிலைச் செலவுக்கும் இடைவெளி 20, அதை விலையால் வகுத்தால் 2/3. 1 ÷ 1.5ம் 2/3தான். இரண்டும் ஒத்துவராவிட்டால் மேலே எங்கோ பிழை. நெகிழ்ச்சி 1க்குக் கீழே வந்தாலும் பிழைதான்: அந்தப் பகுதியில் விற்பனையைக் குறைத்தாலே வருவாய் கூடும், எந்த முற்றுரிமையாளரும் அங்கே நிற்கமாட்டார்.

நிலையான செலவு 300 என்று சேர்த்துக் குழப்புவார்கள். அளவும் விலையும் அசையாது. லாபம் மட்டும் 800லிருந்து 500 ஆகும்.

பேரேட்டுப்புழு:
ட்ரயல் பேலன்ஸில் வித்தியாசத் தொகையே பாதி துப்பு கொடுத்துவிடும். முதலில் கூட்டலை மறுபடி போடுங்கள், இம்முறை கீழிருந்து மேலாக. மாறவில்லையா, வித்தியாசத்தை 2ஆல் வகுத்து அந்தத் தொகை பட்டியலில் இருக்கிறதா பாருங்கள். 550 வித்தியாசம் என்றால் 275: அளித்த தள்ளுபடி பற்றில் இருப்பதற்குப் பதில் வரவில் உட்கார்ந்திருக்கும். 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 540ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90. ஒரு சைபர் விட்டுப்போய் 700 வெறும் 70 ஆனாலும் வித்தியாசம் 630, அதுவும் 9ஆல் வகுபடும்.

எதிலும் சிக்காவிட்டால் ஒரு இருப்பே முழுதாக விடுபட்டிருக்கும். ரொக்கத்தையும் வங்கியையும் முதலில் சந்தேகப்படுங்கள். அவை ரொக்க ஏட்டில் இருக்கும், பேரேட்டை (லெட்ஜர்) மட்டும் புரட்டினால் கண்ணில் படாது.

பொருந்திவிட்டால் எல்லாம் சரி என்றும் இல்லை. இயந்திரம் வாங்கியதைப் பழுதுச் செலவில் எழுதினாலும் பொருந்தும், ஒரு பில்லை அடியோடு மறந்தாலும் பொருந்தும். தேர்வில் இதைக் கேட்பதில் அவர்களுக்குத் தனி ஆசை. ஐந்து நிமிடம் தேடியும் கிடைக்கவில்லை என்றால் வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் (பிழை தெரியும் வரை வித்தியாசத்தை வைக்கும் தற்காலிகக் கணக்கு) போட்டுவிட்டு அடுத்த வினாவுக்கு நகருங்கள்.

வாய்ப்புச்செலவு:
லாபத்துக்கு வருகிறேன். வருவாய் 9,00,000. பில் உள்ள செலவும் தேய்மானமும் சேர்ந்து 6,50,000. அக்கவுண்டிங் பேப்பரில் லாபம் 2,50,000, அத்தோடு நிறுத்துங்கள். மைக்ரோவில் கழிக்க இன்னும் இரண்டு தொகை உண்டு. உரிமையாளர் போட்ட சொந்த முதல் 5,00,000 வேறிடத்தில் 6% வட்டி தந்திருக்கும் என்றால் 30,000. வேறு வேலைக்குப் போயிருந்தால் ஆண்டுச் சம்பளம் 2,40,000. இந்த 2,70,000க்கு எந்த ஏட்டிலும் பதிவு கிடையாது. கழித்தால் பொருளாதார லாபம் −20,000.

இரண்டும் சரியான விடைதான், கேட்கப்படும் கேள்வி வேறு. உரிமையாளர் ஏற்கெனவே சம்பளம் எடுத்து அது செலவில் ஏறியிருந்தால் முழு 2,40,000ஐயும் மறுபடி கழிக்கக் கூடாது. எடுத்ததற்கு மேல் உள்ள மீதியை மட்டும் கழியுங்கள். நிறைவுப் போட்டியில் நீண்டகாலத்தில் லாபம் பூஜ்யம் என்று வந்தால் கடையைச் சாத்தப் போகிறார்கள் என்று எழுதிவிடாதீர்கள்: முதலுக்கும் உழைப்புக்கும் வெளியே கிடைப்பது இங்கேயும் கிடைக்கிறது என்றுதான் பொருள்.

முதலாண்டு_வணிகம்:
நன்றி. அப்படியானால் முதலீட்டு முடிவுக் கணக்கில் தேய்மானத்தைக் கழிப்பதா, விடுவதா? இரண்டு விதமாகவும் பார்த்தேன்.

பேரேட்டுப்புழு:
வரிக்காகக் கழித்து, பிறகு திரும்பக் கூட்ட வேண்டும். வரிக்கு முன் ரொக்க வரவு 80,000, தேய்மானம் 20,000, வரி 30% என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிக்கு உட்படுவது 60,000, வரி 18,000. கையில் நிற்பது 80,000 − 18,000 = 62,000. 60,000 − 18,000 போட்டுத் தேய்மானம் 20,000ஐத் திரும்பக் கூட்டினாலும் அதேதான். தேய்மானத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டால் 56,000 வரும். இடையில் உள்ள 6,000 தேய்மானம் மிச்சப்படுத்திய வரி. முடிவெடுக்கும் முன்பே சந்தை ஆய்வுக்குக் கொடுத்துவிட்ட பணத்தை உள்ளே இழுக்காதீர்கள். கடன் வட்டியையும் கழிக்க வேண்டாம், அது தள்ளுபடி விகிதத்துக்குள் (வருங்கால ரொக்கத்தை இன்றைய மதிப்புக்குக் குறைக்கும் விகிதம்) ஏற்கெனவே இருக்கிறது.