டிராப் எதனால் நிறைந்தது? சி-டிராப்பில் அயனி சேர்ப்பது பற்றிய அனுபவப் பகிர்வுகள்

ஆர்பிட்ராப்பில் (அயனிகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) சிக்னல் போதவில்லை என்றால், கையை வைக்கும் முன் ஸ்கேன் ஹெடரில் (ஒவ்வொரு ஸ்கேனோடும் பதிவாகும் விவரக் குறிப்பு) இன்ஜெக்‌ஷன் டைமைப் பாருங்கள்; அளப்பதற்கு முன் அயனிகளைச் சேர்த்து வைக்கும் சி-டிராப்பை நிரப்ப எடுத்த நேரம் அது. நாம் கொடுத்த உச்ச வரம்பு 100 மில்லி செகண்ட், அதையே தொட்டு நிற்கிறது என்றால் டிராப் நிறையவில்லை, அயனி வரத்தே குறைவு. 2 மில்லி செகண்டில் நின்றால் டிராப் நிறைந்துவிட்டது, ஆனால் மேட்ரிக்ஸ் அயனிகளால், அதாவது மாதிரியில் உள்ள மற்ற பொருட்களின் அயனிகளால். அப்போது வரம்பை 200 ஆக்கினாலும் பயன் இல்லை. பலரும் நாட்களை வீணாக்குவது இங்கேதான்.

கணக்கு போட்டால் புரியும். எல்லா நிறைகளையும் எடுக்கும் ஃபுல் ஸ்கேனில் ஏஜிசி (டிராப்பில் சேரும் அயனி அளவைத் தானே கட்டுப்படுத்தும் வசதி) இலக்கு 30 லட்சம் சார்ஜ். தேடும் பூச்சிமருந்து எச்சம் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால், கிடைப்பது வெறும் 300 அயனி. குவாட்ரபோல் வடிகட்டியை 4 எம்/இசட் (நிறை-மின்னூட்ட விகிதம்) அகலத்துக்குச் சுருக்கி, 2-க்குப் பதில் 50 மில்லி செகண்ட் சேர்த்தால் 25 மடங்கு, அதாவது 7,500 வரை. வடிகட்டும்போது கொஞ்சம் போகும். அந்த 4-க்குள்ளேயே வேறொரு பெரிய பீக் இருந்தால் கணக்கு கலைந்துவிடும். அகலத்தை இன்னும் குறைத்துப் பாருங்கள்.

*

மேலே சொன்னதோடு நேரத்தையும் சேர்த்துப் பார்க்கணும். முந்தைய ஸ்கேனை ஆர்பிட்ராப் படிக்கும்போதே அடுத்த அயனிகள் சேரத் தொடங்கிவிடும். 35,000 ரெசல்யூஷனில் (நெருங்கிய நிறைகளைப் பிரித்துக் காட்டும் திறன்) டிரான்சியன்ட், அதாவது ஒரு ஸ்கேனைப் படிக்கும் நேரம், 128 மில்லி செகண்ட். ஆகவே 110 வரை சேர்ப்பதற்குத் தனி நேரம் ஆகாது. 250 வைத்தால், நான்கு டார்கெட்டுக்கு ஒரு சுற்றே 1 செகண்டைத் தாண்டும். 6 செகண்ட் அகல பீக்கில் (பொருள் வெளிவரும் நேரம்) ஐந்தாறு புள்ளிதான் விழும். அளவு கணக்கிட அது போதாது.

*

அளவுக்கு மீறி நிறைத்தால் அயனிகள் ஒன்றையொன்று தள்ளி நிறை நகரும். பின்னணியில் எப்போதும் வரும் பாலிசிலாக்ஸேன் அயனியை (எம்/இசட் 445.1200) கவனியுங்கள். மேட்ரிக்ஸ் பீக்கின் உச்சியில் மட்டும் விலகி, பிறகு தானே திரும்பினால் காரணம் நெரிசல். ஏஜிசி இலக்கை 10 லட்சத்துக்கு இறக்குங்கள். ரன் முழுக்க ஒரே அளவு விலகினால் காலிபிரேஷன்.

*

அழுக்கு விஷயத்தில் ஏஜிசி நம்மை ஏமாற்றும். அயனிகளைக் கருவிக்குள் கொண்டுவரும் டிரான்ஸ்ஃபர் டியூப் மெல்ல அடைக்கும்போது, அது கூடுதல் நேரம் எடுத்து ஈடுகட்டிவிடும். சிக்னல்-நாய்ஸ் விகிதம் நன்றாகவே தெரியும். வரம்பு முட்டிய அன்றுதான் திடீரென்று விழும். அதனால் ஒரே ஸ்டாண்டர்டின் இன்ஜெக்‌ஷன் டைமைத் தினமும் குறித்து வையுங்கள். அது ஏறி, கூடவே ஃபோர்வேக்யூம் (முதல் கட்ட வெற்றிடம்) அழுத்தம் வழக்கத்தைவிட இறங்கியிருந்தால் டியூபில் அடைப்பு. அழுத்தம் மாறாமல் நேரம் மட்டும் ஏறினால் ஸ்ப்ரே நீடிலின் நிலையையும் அயனிகளைக் குவிக்கும் எஸ்-லென்ஸையும் பாருங்கள்.