'எக்ஸ்ட்ரின்சிக் இன்குபேஷன்' காலத்துக்குச் சொல் வேண்டும் (அவசரம்)

மதுரை:
கொசுவால் பரவும் நோய்கள் பற்றிய களப்பணியாளர் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டெங்கு நோயாளியைக் கடித்த ஏடிஸ் கொசு அன்றே நோயைப் பரப்பாது. வைரஸ் அதன் குடலில் பெருகி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர 25–28 டிகிரி வெப்பத்தில் 8 முதல் 12 நாள் பிடிக்கும். அதன்பிறகு சாகும்வரை பரப்பும். இந்த நாட்களுக்கு வரைவில் 'புற அடைகாக்கும் காலம்' என்றிருக்கிறது. கொசு முட்டைமேல் உட்காரும் என்றல்லவா நினைப்பார்கள்?

யாழ்ப்பாணம்:
மனிதருக்குள் நோய் வெளித்தெரியும்வரை கழிவதை நாங்கள் நோயரும்பு காலம் என்போம். இங்கே அது ஒத்துவராது. நுளம்புக்கு வருத்தம் வாறதில்லையே, அரும்புவது எந்த நோய்?

கோவை:
அரும்பை விடாதீர்கள். 'காலை அரும்பிப் பகலெல்லாம் போதாகி மாலை மலரும்இந் நோய்' (குறள் 1227). 1897இல் செகந்தராபாத்தில் மருத்துவர் ரொனால்ட் ராஸ் அனாபிலிஸ் கொசுவின் இரைப்பைச் சுவரில் கண்ட மலேரியா உருண்டைகளும் மொட்டுப்போலப் புடைத்தவைதாம். அவை வெடித்த பிறகே கிருமி சுரப்பிக்குப் போகும். போது என்றால் மலரப்போகும் மொட்டு. மனிதருக்குள் அரும்புகாலம், கொசுவுக்குள் போதுகாலம்!

மதுரை:
ஐயா, வள்ளுவர் சொன்னது காதல் நோய். டெங்கு வைரஸுக்கு மொட்டும் கிடையாது. தவிர, 'போதும் காலம்' என்றே வாசிப்பார்கள்.

சென்னை:
'புற'தான் வில்லங்கம். மனித உடலுக்குப் புறம். கொசுவைத் தேடிப் போகிறவருக்கு அதுவே அகம். 'கொசுவுள் முதிர்காலம்' எனலாமே?

யாழ்ப்பாணம்:
குடம்பி (தண்ணீரில் நெளியும் புழு) நுளம்பாக முதிர்வது என்று எடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே அந்தக் குழப்பம் இருக்கிறது. தொட்டியை வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்வது முட்டை நுளம்பாக ஏழெட்டு நாள் போதும் என்பதால். தண்ணீரை மட்டும் கொட்டினால் சுவரில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் பிழைக்கும். இந்தக் கணக்கு வேறு, அந்த 8–12 நாள் வேறு.

சென்னை:
சரி, 'கொசுவுள் பெருகுகாலம்'.

கோவை:
யானைக்கால் புழுவுக்கு அது பொய். நுண்புழு கொசுவுக்குள் வளர்ந்து உருமாறும், பெருகாது. ஒன்று போனால் ஒன்றுதான் வெளியே வரும்.

மதுரை:
நல்ல பிடி. ஆனால் நேரமில்லை. டெங்கு, மலேரியாவுக்குப் 'பெருகுகாலம்'. யானைக்கால் பாடத்தில் மட்டும் 'வளர்காலம்'. நான்கில் மூவர் சரி என்றாயிற்று.

கோவை:
ஒரு கருத்துக்கு இரண்டு சொல்லா? என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். 'போது' இன்னும் களத்தில் நிற்கிறது.