ராட்வீலர் குட்டி எடுக்கலாமா? கடிப்பது இனத்தாலா, வளர்ப்பாலா?

கேள்வி: கோவை_தனிவீடு

காவலுக்கு நாய் தேடுகிறோம். தனி வீடு, ஐந்தடி காம்பவுண்ட். பகலில் வீட்டில் இருப்பது 68 வயது அம்மாவும் 4 வயதுக் குழந்தையும்தான். ஒருவர் ராட்வீலர் ஆண் குட்டி தருகிறேன் என்கிறார். 38 நாள் ஆகிறது, உடனே எடுத்துக்கொள்ளலாமாம். "எல்லாம் வளர்ப்புல இருக்கு சார்" என்பதுதான் அவருடைய ஒரே பதில். 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கு பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் குதறியது, அதே வருடம் மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களைத் தடை செய்யச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது, இரண்டையும் சொன்னேன். "அதைக் கோர்ட்டே ரத்து பண்ணிடுச்சே" என்கிறார். வேண்டாம் என்றால் ராஜபாளையம் வாங்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: பெல்ட்டும்_பிஸ்கட்டும் (நாய்ப் பயிற்சி)

கர்நாடக உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் ரத்து செய்தது உண்மை. சம்பந்தப்பட்டவர்களைக் கலக்காமல் சுற்றறிக்கை விட்டார்கள் என்பது முக்கியக் காரணம். ராட்வீலர் சாது என்று எந்த நீதிபதியும் எழுதவில்லை. விற்கிறவர்கள் இதை வசதியாக மாற்றிச் சொல்கிறார்கள்.

'எல்லாம் வளர்ப்பு' என்பவர்கள் அடிக்கடி காட்டுவது 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு. 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் உரிமையாளர்களைக் கேட்டு, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் பார்த்தார்கள். நாய்க்கு நாய் குணம் மாறுவதில் இனத்தின் பங்கு சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. ஆனால் அவர்கள் அளந்தது குணத்தை, கடித்தால் ஆகும் சேதத்தை இல்லை. 2008-ல் வந்த இன்னொரு ஆய்வில் மனிதர்களிடம் அதிகம் சீறுபவை என்று சிறிய இனங்களான டேஷண்டும் சிவாவாவும் முன்னால் நின்றன. சிவாவா கடித்தால் இரண்டு பல் தடம், ஒரு ஊசி, அதோடு சரி. வளர்ந்த ஆண் ராட்வீலர் 50 கிலோவைத் தாண்டும். நாலு வயதுக் குழந்தையின் முகம் அதன் வாய்க்கு நேர் உயரத்தில் இருக்கிறது. அதே கோபம், அதே ஒரு விநாடி, விளைவு வேறு.

ஆக, அது கடிக்குமா என்பதைத் தாயின் குணம், முதல் மூன்று மாதம், தினசரி நீங்கள் நடத்தும் விதம் ஆகியவைதான் பெரும்பாலும் முடிவு செய்யும். கடித்தால் என்ன ஆகும், எதைப் பார்த்தால் அதற்குக் கிளம்பும் என்பதில் இனத்தின் கை ஓங்கும். மாடு ஓட்டவும் காவல் காக்கவும் பொறுக்கி எடுத்த இனம் ராட்வீலர். உடம்பால் முட்டித் தள்ளும், அந்நியர் உள்ளே வந்தால் வழி மறிக்கும். பிட்புல்லின் முன்னோர் நாய்ச் சண்டைக்கு வளர்க்கப்பட்டவை. அதனால் மனிதர்களிடம் குழைகிற பிட்புல்கூடத் தெருநாயைக் கண்டதும் மாறிவிடக்கூடும்.

38 நாள் குட்டியைத் தொடாதீர்கள். 8 வாரம் தாயோடும் கூடப்பிறந்தவைகளோடும் இருக்க வேண்டும். கடி அழுத்தத்தைக் குட்டி கற்றுக்கொள்வது அங்கேதான்: பலமாகக் கடித்தால் மற்றது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். சீக்கிரம் பிரித்த குட்டி பல்லை அடக்கத் தெரியாமல் வளரும்.

தாயைக் கண்ணால் பாருங்கள். "பின்னாடி கட்டியிருக்கு, வேண்டாம் சார்" என்றால் அப்படியே திரும்பிவிடுங்கள். நீங்கள் உள்ளே நுழைந்ததும் தாய் குரைக்கட்டும், தவறில்லை. வளர்ப்பவர் 'சரி' என்றபின் இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கி, உங்களை மோந்துவிட்டுப் போக வேண்டும். வாலை ஒடுக்கிப் பதுங்கி, நீங்கள் முதுகைக் காட்டியதும் குதிகாலுக்கு ஓடிவருகிற தாய் பயந்த நாய். கடிப்பவற்றில் பெரும்பாலானவை பயந்தவைதான், அந்தப் பயம் குட்டிக்கும் இறங்கும்.

பதில் 2: கால்நடை_ஓபி (கால்நடை மருத்துவர்)

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. முதல் மூன்று மாதத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், நம் ஊரில் பெரிய தவறு அங்கேதான் நடக்கிறது.

குட்டி உலகத்தைப் பயமில்லாமல் ஏற்கும் காலம் ஏறக்குறைய 3-வது வாரம் முதல் 12, 14-வது வாரம் வரை. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி 3, 4 வார இடைவெளியில் 16-வது வாரம் வரை போகும். "ஊசி முடியாமல் வெளியே விடாதே" என்பதால் நாலு மாதம் வீட்டுக்குள்ளேயே பூட்டி வைக்கிறார்கள். பார்வோ என்ற உயிர்க்கொல்லிக் குடல் நோயிலிருந்து தப்பிக்கும், ஆனால் ஹெல்மெட் போட்ட ஆளைப் பார்த்தாலே பாய்கிற நாயாகிவிடும். நடுவழி இருக்கிறது. குட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போங்கள், தெருத்தரையில் மட்டும் விடாதீர்கள். ஹெல்மெட், குடை, கைத்தடி ஊன்றும் பெரியவர், புர்கா, மழைக்கோட்டு, கத்தி ஓடும் பிள்ளைகள், குக்கர் விசில், ஆட்டோ எல்லாவற்றையும் தூரத்திலிருந்து காட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு வேகவைத்த கோழி. குட்டி தின்ன மறுத்தால் மிக நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள், பத்தடி பின்னால் வாருங்கள்.

இன்னொன்று. நன்றாக இருந்த நாய் திடீரென்று கடித்தால் குணத்தைக் குறை சொல்லுமுன் உடம்பைப் பாருங்கள். காதுச் சீழ், இடுப்பு மூட்டுக் கோளாறு (ராட்வீலரில் சகஜம்), பல்வலி, தைராய்டு. ரேபிஸ் சந்தேகம் எப்போதும் முதலில் நீங்க வேண்டும். கடிபட்டவர் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே ஊசிக்குப் போக வேண்டும், வீட்டு நாயாக இருந்தாலும்.

பதில் 3: வெள்ளைக்கோடை

ராஜபாளையத்தை 'பாதுகாப்பான மாற்று' என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்த இனம். பெரும்பாலும் ஒருவரிடம்தான் ஒட்டும், அந்நியரை லேசில் ஏற்காது. உங்கள் ஐந்தடிச் சுவர் அதற்கு ஒரு தாவல். விருந்தாளி வந்து போகிற வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன்.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் காதைச் சோதியுங்கள். முழு வெள்ளை இனம் என்பதால் காது கேளாத குட்டிகள் வருவதுண்டு. காது கேளாத நாயைத் தூக்கத்தில் குழந்தை தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும், அதில் கெட்ட குணம் ஏதுமில்லை. 6 வாரத்துக்கு மேல், குட்டி தனியாகத் தூங்கும்போது அதன் பார்வைக்கு எட்டாத இடத்திலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வில் எழுந்துவிடும். மற்ற குட்டிகள் கூட இருந்தால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். ஒரு காது மட்டும் கேளாததை இந்தச் சோதனை காட்டாது.

கேட்டவர்: கோவை_தனிவீடு

நன்றி. 38 நாள் குட்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு சந்தேகம்: சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் உறுமுகிற நாயை அப்போதே அடக்கி, மல்லாக்கப் போட்டு அமுக்க வேண்டும் என்கிறார்களே?

பதில் 1 மீண்டும்: பெல்ட்டும்_பிஸ்கட்டும்

செய்யவே கூடாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2009-ல் வெளியிட்ட ஆய்வில், நடத்தைக் கோளாறுக்காக வந்த நாய்களை அடித்து உதைத்துப் பார்த்த உரிமையாளர்களில் 43 சதவீதமும், மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதமும் நாய் தங்கள்மேல் சீறியதாகச் சொன்னார்கள்.

உறுமல் எச்சரிக்கை. அதற்கு முன்பே முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், கொட்டாவி விடும், கடைக்கண்ணில் வெள்ளை தெரியும், உடம்பு விறைக்கும். உறுமினால் அடி என்று கற்றுக்கொண்ட நாய் இவற்றை விட்டுவிட்டு நேராகக் கடிக்கும். "எந்த அறிகுறியும் இல்லாம கடிச்சிடுச்சு" என்று வருகிற நாய்களில் பல இப்படி வாயடைக்கப்பட்டவை.

தட்டைப் பிடுங்காதீர்கள். நாய் தின்னும்போது ஆறடி தள்ளி நின்று ஒரு கோழித்துண்டை வீசிவிட்டுப் போங்கள். வேளைக்கு நாலைந்து முறை. உங்களைக் கண்டதும் உடம்பு தளர்ந்து வால் ஆடினால் மட்டும் மறுநாள் ஓரடி கிட்டே. குழந்தை இந்தப் பயிற்சியில் சேரக் கூடாது, நாய் தின்னும் இடத்துக்குக் கதவு இருக்க வேண்டும்.

கடிக்காமலிருக்க நாயின் வாயில் மாட்டும் வாய்மூடி வாங்கினால் கூடை மாதிரி உள்ளதை வாங்குங்கள். வாயை இறுக்கிக் கட்டும் நைலான் பட்டை நம் வெயிலுக்கு ஆகாது. நாய் உடம்புச் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் தணிக்கிறது. கூடைக்குள் தயிர் தடவி, அதுவே மூக்கை நுழைக்கும்படி ஒன்றிரண்டு வாரம் பழக்குங்கள்.

பதில் 4: கேட்_கொண்டி

எல்லோரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள். பகலில் அந்த 50 கிலோவை யார் பிடிப்பது? 68 வயது அம்மாவால் முடியாது. முடியாது என்பதால் சங்கிலியில் கட்டுவார்கள், அதுவும் கேட் ஓரத்தில். போகிற வருகிற ஒவ்வொருவரையும் பார்த்துக் குரைத்து, எட்ட முடியாமல் துடித்து, ஆறு மாதத்தில் கொரியர் பையனைக் கண்டாலே வெறியேறும். அப்புறம் ஒருநாள் கொக்கி கழன்றுவிடும். அன்று இனமா வளர்ப்பா என்று யாரும் கேட்க மாட்டார்கள், விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் சட்டம்) 291-வது பிரிவைத்தான் கேட்பார்கள்: ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

என் யோசனை: குழந்தைக்கு ஏழெட்டு வயதாகும்வரை பெரிய காவல் நாய் வேண்டாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஏற்கெனவே பழகிய, இரண்டு வயது தாண்டிய, கருத்தடை செய்த நாட்டுப் பெண் நாய் ஒன்றைத் தத்தெடுங்கள். குணம் வெளியே தெரிந்த வயது, குரைப்பதில் குறை வைக்காது, 15 முதல் 20 கிலோதான். அதற்கும் குழந்தையோடு தனியாக விடக் கூடாது என்ற விதி உண்டு. கேட்டுக்கு உள்ளே ஐந்தடி தள்ளி இரண்டாவது கேட் ஒன்று போடுங்கள். தானே சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் வையுங்கள், கொண்டி குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.