"மலபாரிஷ்" என்ற சொல்லை விக்கித்தரவு கேரளத்துக்குக் கொண்டுபோகிறது, என்ன செய்வது?

தரங்கைக்காரி:
வணக்கம். தரங்கம்பாடி மிஷனரிகள் 18ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹாலே நகருக்கு எழுதிய கடிதங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கடிதங்களில் வரும் ஊர், ஆள், மொழிப் பெயர்களை எக்செல்லில் ஏற்றினேன். 1,100 வரிசை வந்தது. மற்றவர்களின் தரவோடும் சேர வேண்டும் என்று, ஒவ்வொரு பெயருக்கும் விக்கித்தரவு என்ற திறந்த தரவுத்தளம் தரும் தனி அடையாள எண்ணை (க்யூ எண்) தேட, தரவுப் பட்டியலைச் சீர்செய்யும் ஓப்பன்ரிஃபைன் மென்பொருளில் ஓட்டினேன். பாதிக்கு மேல் தானாகவே பொருந்திவிட்டது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்!

நேற்று வரைபடத்தில் போட்டுப் பார்த்தேன். தரங்கம்பாடிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த மொழிக்கான புள்ளிகள் எல்லாம் கேரளக் கரையில் கிடக்கின்றன. கடிதத்தில் இருப்பது "மலபாரிஷ்". அது மலபார் வட்டாரத்தோடு போய் ஒட்டிக்கொண்டது. அப்புறம் 1720ஆம் ஆண்டுக் கடிதத்தில் வரும் தஞ்சை அரசர் சரபோஜிக்கு, 1832இல் இறந்த இரண்டாம் சரபோஜியின் எண் விழுந்திருக்கிறது. அத்தனையையும் கையாலேயே பார்க்க வேண்டுமா?

ஏட்டறை:
எல்லாவற்றையும் வேண்டாம், தங்கச்சி. ஆனால் தானாகப் பொருந்தியதை அப்படியே நம்பவும் வேண்டாம். கருவி பெயரைத்தான் பார்க்கிறது, காலத்தைப் பார்ப்பதில்லை.

முதலில் மொழி. அந்த மிஷனரிகள் தமிழைத்தான் மலபாரிஷ் என்றார்கள். அவர்களில் ஒருவரான சீகன்பால்கு 1716இல் ஹாலேயில் அச்சிட்ட இலக்கணத்தின் பெயரிலோ "டமுலிகா" என்று இருக்கிறது. ஒரே மொழிக்கு இரண்டு பெயர், இரண்டுக்கும் எண் க்யூ5885. ஆனால் தயவுசெய்து மூலச் சொல்லை அழித்துவிடாதீர்கள். கடிதத்தில் உள்ளபடி ஒரு நெடுவரிசை, க்யூ எண்ணுக்கு ஒன்று, ஏன் இணைத்தீர்கள் என்று ஒரு வரி எழுத மூன்றாவது. யார் எப்போது எந்தச் சொல்லை எழுதினார்கள் என்பதே நாளைக்கு உங்களுக்கு ஓர் அத்தியாயமாகலாம்.

சரபோஜிக்கு வழி எளிது. பொருத்தும்போது பெயரோடு இன்னொரு நெடுவரிசையையும் சேர்த்துக் கொடுக்க ஓப்பன்ரிஃபைனில் இடம் உண்டு. உங்களிடம் கடித ஆண்டு இருக்கிறது. அதோடு ஆட்சிக்காலத்தை ஒப்பிட்டாலே போதும். முதலாம் சரபோஜி 1712 முதல் 1728 வரை, இரண்டாமவர் 1798 முதல் 1832 வரை. பிரபலமானவர் இரண்டாமவர் என்பதால் கருவி அவரிடம் ஓடியிருக்கிறது.

கடலோடி:
ஏட்டறை அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. தஞ்சாவூரைக் குறிக்க "டான்ஷௌர்" என்று வருகிற இடங்களையும் பாருங்கள். அது சில கடிதங்களில் ஊர், சிலவற்றில் மராத்திய அரசு. விக்கித்தரவில் இரண்டும் தனித்தனி. "அரசர் தடுத்தார்" என்று வருமிடத்தில் நகரத்தின் அட்சரேகையைப் போட்டால் தப்பான வரைபடம்தான் கிடைக்கும். தரங்கம்பாடியும் அப்படித்தான்: ஊர் வேறு, டான்ஸ்போர்க் கோட்டை வேறு, 1845இல் டேனிஷ்காரர்கள் ஆங்கிலேயரிடம் விற்ற ஆட்சிப்பகுதி வேறு.

தரங்கைக்காரி:
ரொம்ப நன்றி அண்ணா, இருவருக்கும். இரவு உட்கார்ந்து மலபாரிஷ் வரிசைகளை மட்டும் பிரித்தேன்: 63. அவற்றில் நான்கு மொழியே அல்ல, "மலபார்கள்" என்று மக்களைக் குறிக்கின்றன. அவற்றுக்கு எண் போடாமல், குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். டான்ஷௌரை நாளை தொடங்குகிறேன்.