எங்க வீட்டு வாட்ஸ்அப் குழு: கோவா ‘பேய்க் கோயில்’ ஃபார்வேர்டு

[இரவு 8:04] மேரி அத்தை: பலமுறை பகிரப்பட்டது
"கோவாவின் பேய்க் கோயில்!! மலை உச்சியில் மூன்று ராஜாக்கள் ஆலயம். போர்ச்சுகீசிய ராஜாக்கள் மூவர் ஓயாமல் சண்டையிட்டனர். ஹோல்கர் அல்வுங்கர் என்ற ராஜா மற்ற இருவரையும் விருந்துக்கு அழைத்து விஷம் வைத்தார். ஜனங்கள் திரண்டு வர, தானும் விஷம் குடித்தார். மூவரும் உள்ளேயே அடக்கம். இரவில் காலடிச் சத்தம்!! 10 பேருக்கு அனுப்பவும்"

[இரவு 8:05] மேரி அத்தை: கோவா போறோம்னு பேசிட்டு இருந்தீங்களே. இந்தக் கோயில் பக்கம் போயிராதீங்க 🙏

[இரவு 8:09] ஜெரால்டு சித்தப்பா: அக்கா, அது பேய்க் கோயில் இல்ல, மாதா கோயில். கான்சாவ்லிம் ஊர்ல குவேலிம் குன்னு மேல இருக்கு. 1599ல கொன்சாலோ கார்வாலோங்கிற சாமியார் கட்டினது. ரெமேடியோஸ் மாதா பேர்ல உள்ள கோயில். நோய் நொடின்னு நேர்ச்சை போடறவங்க போற இடம்.

[இரவு 8:10] டைட்டஸ்: அப்போ மூணு ராஜா எங்கிருந்து வந்தாங்க சித்தப்பா?

[இரவு 8:14] ஜெரால்டு சித்தப்பா: பெத்லகேமுக்கு வந்த மூணு ராஜாதான் டைட்டஸ். கஸ்பார், மெல்கியோர், பல்தசார். அங்க பெரிய திருநாளே ஜனவரி 6, மூன்று ராஜாக்கள் திருநாள். அதனால கோயிலுக்கே அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. ராஜா பேர் இருந்தா சண்டை வேணும், சண்டை இருந்தா விஷம் வேணும். மீதி எல்லாம் நெட்ல சேர்ந்தது.

[இரவு 8:15] மேரி அத்தை: நெருப்பில்லாம புகையுமா?

[இரவு 8:22] ஜெரால்டு சித்தப்பா: புகை எங்கன்னு பாப்போம் அக்கா. கோவாவுல போர்ச்சுகீசிய ராஜான்னு யாரும் உக்காந்ததே இல்ல. 1510ல கோவாவைப் பிடிச்சதுல இருந்தே வைஸ்ராய் இல்லேன்னா கவர்னர்தான். கோயில் கட்டின 1599ல போர்ச்சுகலுக்கே தனி ராஜா கிடையாது. 1580ல இருந்து 1640 வரை ஸ்பெயின் ராஜாதான் லிஸ்பனுக்கும் ராஜா. அப்போ கோவாவுல இருந்த வைஸ்ராய் பிரான்சிஸ்கோ ட காமா, நம்ம வாஸ்கோ ட காமாவோட கொள்ளுப்பேரன். ஒரு மாவட்டத்துக்குள்ள மூணு ராஜா எங்க போய் சண்டை போட்டாங்க?

[இரவு 8:23] ஜெரால்டு சித்தப்பா: ஹோல்கர்ங்கிறது டென்மார்க், சுவீடன் பக்கத்துப் பேரு. போர்ச்சுகீசியனுக்கு அந்தப் பேர் வைக்க மாட்டாங்க. கதை எழுதினவன் பெர்னாண்டோன்னு வச்சிருந்தாலாவது கொஞ்ச நேரம் நம்பியிருக்கலாம்.

[இரவு 8:24] ஷீபா மதினி: 😂😂

[இரவு 8:27] ஜெரால்டு சித்தப்பா: அடக்கம் பத்தியும் சொல்லிடுறேன். அந்தக் காலத்துல பெரிய மனுஷனைக் கோயிலுக்குள்ள புதைச்சா தரையில கல்லு பதிச்சு, பேரும் குலச் சின்னமும் செதுக்குவாங்க. பழைய கோவாவுல பிரான்சிஸ் அசிசியார் கோயில்ல தரை முழுக்க அப்படித்தான் கிடக்கு. சாதாரண கனவானுக்கே அந்த மரியாதை. மூணு ராஜாவைப் புதைச்சிட்டு ஒரு கல்லுகூட வைக்காம விட்டுருப்பாங்களா?

[இரவு 8:31] மேரி அத்தை: சரி, வரலாறு போகட்டும். இந்த ஃபார்வேர்டோட வந்த வீடியோவுல வெள்ளை வெள்ளையா உருண்டை பறக்குதே? காலடிச் சத்தம் கேக்குதே? அதுக்கு என்ன சொல்றீங்க

[இரவு 8:38] பெனிட்டா: அத்தை, உருண்டைக்கு நான் சொல்றேன். இருட்டுல ஃபிளாஷ் போடுறாங்க. லென்ஸுக்கு ஒரு சாண் தூரத்துக்குள்ள பறக்கிற தூசு, கொசு, மழைச்சாரல் எல்லாத்து மேலயும் வெளிச்சம் படும். அவ்வளவு கிட்ட ஃபோகஸ் ஆகாது. அதனால ஒவ்வொரு புள்ளியும் மங்கலா வட்டமா விரியும். போன்ல ஃபிளாஷும் லென்ஸும் ஒட்டி ஒட்டி இருக்குறதால இன்னும் மோசம். ஃபிளாஷை அணைச்சிட்டு, விளக்கை நாலடி தள்ளிப் பக்கவாட்டுல பிடிச்சு அதே இடத்தை எடுத்தா உருண்டை அநேகமா காணாமப் போயிரும்.

[இரவு 8:41] பெனிட்டா: சத்தம்: போன் மைக் சுத்தி அமைதியா இருந்தா தானாவே சத்தத்தைக் கூட்டிக்கும். கடல் காத்து மைக்ல உரசினா யாரோ காதுகிட்ட மூச்சு விடுற மாதிரியே பதியும். மைக் மேல ஒரு பஞ்சோ சாக்ஸோ கட்டி மறுபடி பதிவு பண்ணிட்டு அப்புறம் பேயைப் பத்திப் பேசணும்.

[இரவு 8:43] சேவியர் அண்ணன்: ஓட்டுக் கூரை இருந்தா இன்னொண்ணு. பகல்ல சூடேறின ஓடும் மரச் சட்டமும் பொழுது சாய்ஞ்சதும் சுருங்கும், டக் டக்னு விட்டு விட்டுச் சத்தம் வரும். காலடி மாதிரியே இருக்கும். பழைய வீட்டுல இருந்தவங்களுக்குத் தெரியும்.

[இரவு 8:45] ஜெரால்டு சித்தப்பா: கூகை ஆந்தையை மறந்துட்டீங்க. பழைய கோயில் மணிக்கூண்டு, பொந்து எல்லாம் அதுக்கு சொந்த வீடு. தாய் கத்துறது அலறல். குஞ்சுங்க ராத்திரி முழுக்க இரைக்காக சீறும், ஆள் குறட்டை விடுற மாதிரி. கூடு தெரியாதவன் கேட்டா ஓடத்தான் செய்வான்.

[இரவு 8:47] டைட்டஸ்: வீடியோவுல பேய் தேடப் போன குரூப் மீட்டர் எல்லாம் கொண்டு போயிருக்காங்களே, லைட் எரியுது

[இரவு 8:50] பெனிட்டா: அது காந்தப்புலம் காட்டுற மீட்டர். மின்கம்பி எங்க ஓடுதுன்னு பாக்க செஞ்சது. பக்கத்துல போன் சிக்னல் தேடினாலே லைட் ஏறும், வாக்கி டாக்கி அமுக்கினா எல்லா லைட்டும் எரியும். அந்த வீடியோவுல நாலு பேர் கையில போன், ஒருத்தர் தோள்ல வயர்லெஸ் மைக். எல்லாத்தையும் அணைச்சிட்டு மீட்டரை ஒரு கல்லு மேல வச்சிட்டு விலகி நின்ன பிறகும் லைட் எரிஞ்சா சொல்லச் சொல்லு.

[இரவு 8:53] மேரி அத்தை: ஆவியே இல்லன்னு சொல்றீங்களா? பேய் ஓட்டுறது திருச்சபையிலயே இருக்கே

[இரவு 8:57] ஜெரால்டு சித்தப்பா: இருக்கு அக்கா. ஆனா அதுக்கு சட்டம் எவ்வளவு இறுக்கம்னு பாருங்க. திருச்சபைச் சட்டம் 1172: ஆயரோட (பிஷப்போட) வெளிப்படையான அனுமதி இல்லாம எந்த சாமியாரும் பேயோட்டக் கூடாது. அதுவும் ஒரு ஆள் மேல பிடிச்சதுக்கு. ராத்திரி கேமரா தூக்கிட்டு மலையேறுறவங்களுக்கும் அதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. அந்தக் கோயில்ல பூசை நடக்குது, நேர்ச்சை நடக்குது. அந்த ஊர்க்காரங்க காதுல இந்தப் பேச்சு விழுந்தா எப்படி இருக்கும்? நம்ம கோட்டார் சவேரியார் கோயிலைப் பேய் பங்களான்னு ஒருத்தன் வீடியோ போட்டா சும்மா இருப்போமா?

[இரவு 8:58] மேரி அத்தை: அது சரிதான்

[இரவு 9:01] ஷீபா மதினி: திருநாள் எப்படி இருக்கும்? அதைச் சொல்லுங்க, பேய் போதும்

[இரவு 9:08] ஜெரால்டு சித்தப்பா: அதுதான் பாக்க வேண்டியது. குவேலிம், கான்சாவ்லிம், அரோசிம், மூணு ஊர்ல இருந்தும் ஊருக்கு ஒரு சின்னப் பையனை ராஜாவா தேர்ந்தெடுப்பாங்க. பட்டு அங்கி, கிரீடம், குதிரை. மூணு ராஜாவும் மூணு வேற வழியில வந்து குன்னு மேல ஒண்ணு சேருவாங்க. பொன், தூபம், வெள்ளைப்போளம் காணிக்கை. அப்புறம் பாட்டுப் பூசை. குதிரைக்குப் பின்னால கூட்டம் நடந்தே ஏறும். கோவாவுல சாந்தோர், ரெயிஸ் மாகோஸ் ஊர்கள்லயும் இதே நாள்ல ராஜாக்கள் உண்டு. ஆனா மூணு வழியும் குன்னு உச்சியில கூடுறதைப் பாக்கணும்னா இங்கதான்.

[இரவு 9:10] ஜெரால்டு சித்தப்பா: நவநாள், அதாவது திருநாளுக்கு முந்தின ஒன்பது நாள் ஜெபம் வேணும்னா டிசம்பர் 28ல தொடங்கும் கணக்கு. சாதாரண நாள்ல கோயில் பெரும்பாலும் பூட்டித்தான் இருக்கும். பேய்க்குப் பயந்து பூட்டலை. கீழ கான்சாவ்லிம் பங்குக் கோயில் தோமையார் பேர்ல இருக்கு, உள்ள பாக்கணும்னா அங்க விசாரிச்சிட்டு ஏறுங்க.

[இரவு 9:16] சேவியர் அண்ணன்: போற வழி நான் சொல்றேன். நாகர்கோவில்ல இருந்து காந்திதாம் எக்ஸ்பிரஸ் கொங்கன் பாதையில போகும், மட்காவ்ல இறங்கணும். வாரத்துக்கு ஒரு வண்டி, அதனால திருநாளுக்கு ஒத்து வருதான்னு முதல்ல பாருங்க. இல்லேன்னா வேளாங்கண்ணி–வாஸ்கோ வாராந்திர வண்டி, அதுல கோவாக்காரங்க கூட்டம் எப்பவும் இருக்கும். மட்காவ்ல இருந்து வாஸ்கோ போற பாசஞ்சர்ல மஜோர்டா தாண்டி அடுத்து கான்சாவ்லிம்.

[இரவு 9:18] சேவியர் அண்ணன்: முன்பதிவு 60 நாளைக்கு முன்னாடி காலை 8 மணிக்குத் திறக்கும். ஜனவரி 4 வண்டின்னா நவம்பர் 5. புது வருஷக் கூட்டம் திரும்புற நேரம், அதனால போகும்போதைவிட திரும்பி வர்ற டிக்கெட்டுதான் முதல்ல காலியாகும். ரெண்டையும் ஒரே நாள்ல எடுக்க முடியாது, வர்ற தேதிக்கு தனியா அலாரம் வைங்க.

[இரவு 9:20] பெனிட்டா: மேப்ல குவேலிம்னு அடிக்கிறதுக்குப் பதிலா குங்கொலிம்னு அடிச்சிராதீங்க. அது மட்காவுக்குத் தெற்க, வேற ஊரு. 1583ல அஞ்சு இயேசு சபைக்காரங்க கொல்லப்பட்ட இடம். பேர் ஒரே மாதிரி இருக்குன்னு அங்க போய் இறங்கிராதீங்க.

[இரவு 9:22] ஷீபா மதினி: வண்டி மேல வரை போகுமா? அம்மாவுக்கு முட்டு வலி

[இரவு 9:25] ஜெரால்டு சித்தப்பா: குன்னு வரை ரோடு இருக்கு, ஆனா குறுகல். திருநாள் அன்னைக்கு கீழயே நிறுத்திருவாங்கன்னு நினைச்சு கிளம்புங்க. அம்மாவுக்கு ஜனவரி 5 சாயங்காலம் நவநாள் கடைசி நாள், அப்போ ஏத்திக் காட்டிடலாம். மறுநாள் ராஜாக்கள் வர்றதைக் கீழ நின்னே பாக்கலாம்.

[இரவு 9:27] மேரி அத்தை: அப்போ எனக்கும் ஒரு டிக்கெட் போடு சேவியர். கீழ் பெர்த்

[இரவு 9:27] டைட்டஸ்: அத்தை 🤣

[இரவு 9:28] மேரி அத்தை: பேய்க்கு இல்லடா. மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ச்சை பாக்கி இருக்கு

[இரவு 9:30] சேவியர் அண்ணன்: 60 வயசு ஆனவங்களுக்கு இப்போ கட்டணச் சலுகை கிடையாது அத்தை, கீழ் பெர்த் கோட்டா மட்டும் உண்டு. அந்தக் கோட்டாவுல அதிகபட்சம் ரெண்டு பேர்தான் ஒரு டிக்கெட்டுல போட முடியும். ஷீபா, அம்மாவையும் அத்தையையும் ஒண்ணாப் போடுறேன், ரெண்டு பேர் ஆதார் நம்பரும் எனக்குத் தனியா அனுப்பு. குரூப்ல போடாத.