மூல முகவரிப்படி ரூட்டிங்: இணையம் கிடைக்கிறது, ரூட்டர் மட்டும் பதில் தருவதில்லை

கேள்வி:
வணக்கம். லினக்ஸ் ரூட்டர் ஒன்றில் ஈத்0, ஈத்1 என இரண்டு இணைய இணைப்புகள் உள்ளன. உள்வலைக்கான ஈத்2-இல் உள்ள 192.168.20.0/24 கணினிகள் (192.168.20 என்று தொடங்கும் முகவரிகள்) மட்டும் ஈத்1 வழியாக வெளியே செல்ல வேண்டும் என்பதற்காக, 200 என்ற தனி ரூட்டிங் அட்டவணையில் (பாக்கெட் எந்த வழியே செல்லும் என்ற பட்டியல்) அந்த இணைப்பின் கேட்வேயை டீஃபால்ட் வழியாக (வேறு வழி பொருந்தாதபோது பயன்படுவது) சேர்த்து, "ஐபி ரூல் ஆட் ஃப்ரம் 192.168.20.0/24 லுக்கப் 200 பிரியாரிட்டி 1000" என்று விதி எழுதினேன். இரு இணைப்புகளுக்கும் மாஸ்கரேட் (உள் முகவரியை ரூட்டரின் வெளி முகவரியாக மாற்றுவது) உண்டு. ஆர்பி ஃபில்டர் (பாக்கெட்டின் மூல முகவரிக்குத் திரும்பும் வழி, அது வந்த இணைப்பிலேயே உள்ளதா என்ற சோதனை) எங்கும் 0, அதாவது அணைத்துள்ளேன்.

192.168.20.5-இலிருந்து 1.1.1.1-க்குப் பிங் ஒழுங்காகப் போய்த் திரும்புகிறது. ஆனால் ரூட்டரின் 192.168.20.1 முகவரிக்குப் பிங் செய்தால் பதில் இல்லை. அதில் ஓடும் டிஎன்எஸ்ஸும் (தளப் பெயரை முகவரியாக மாற்றும் சேவை) பதில் தராததால் எந்தத் தளமும் பெயரைக் கொண்டு திறப்பதில்லை. விதியை நீக்கினால் உடனே சரியாகிவிடுகிறது. ஃபயர்வாலைத் தளர்த்தியும் பயனில்லை.

மறுமொழி 1:
அந்தப் பிங் ஓடும்போதே ஈத்1-இல் டிசிபிடம்ப் (கடந்து செல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் கருவி) வைத்துப் பாருங்கள். எந்த வழி தேர்வாகும் என்று சொல்லும் "ஐபி ரூட் கெட் 192.168.20.5 ஃப்ரம் 192.168.20.1" கட்டளை என்ன காட்டுகிறது என்பதையும் எழுதுங்கள்.

கேட்டவர்:
192.168.20.1 அனுப்பும் எக்கோ ரிப்ளை (பிங்குக்கான பதில்) ஒவ்வொன்றும் ஈத்1-இல் வெளியேறுவதைப் பார்த்து அதிர்ந்துவிட்டேன். ரூட் கெட்டும் ஈத்1 என்றே சொல்கிறது. பக்கத்திலேயே இருக்கும் கணினிக்கான பதில் ஏன் இணையத்துக்குப் போக வேண்டும்?

மறுமொழி 1:
ரூட்டர் தரும் பதிலின் மூல முகவரியும் 192.168.20.0/24-க்குள்தானே இருக்கிறது! விதிகள் சிறிய எண்ணிலிருந்து வரிசையாகப் பார்க்கப்படும். எண் 0-இல் உள்ள விதி பார்க்கும் லோக்கல் அட்டவணையில் ரூட்டரின் சொந்த முகவரிகளும் பிராட்காஸ்ட் முகவரிகளும் மட்டுமே இருக்கும். ஈத்2-இன் நேரடி வழி மெயின் அட்டவணையில் இருக்கிறது, அதன் முறையோ 32766-இல்தான் வரும். அதற்கு முன்பே உங்கள் 1000-ஆம் விதி பொருந்திவிடுவதாலும், 200-இல் டீஃபால்ட் தவிர வேறு வழியே இல்லாததாலும், பதில் ஈத்1-க்குத் தள்ளப்படுகிறது. ஆர்பி ஃபில்டர் 1-ஆக இருந்திருந்தால் கேள்விப் பாக்கெட்டே ஈத்2-இல் கைவிடப்பட்டிருக்கும், இந்தத் தடயமும் கிடைத்திராது. ஈத்2-இன் நேரடி வழியை 200-இலும் சேர்த்துவிடுங்கள்.

மறுமொழி 2:
அது சரியான தீர்வுதான். ஆனால் நாளை வேறொரு உள்வலையைச் சேர்க்கும்போது 200-இலும் சேர்க்க மறந்தால் இதே சிக்கல் மீண்டும் வரும். அதைவிட "ஐபி ரூல் ஆட் லுக்கப் மெயின் சப்ரஸ்_பிரிஃபிக்ஸ்லெங்த் 0 பிரியாரிட்டி 900" என்ற ஒரே விதி போதும் என்பது என் கருத்து. மெயின் அட்டவணை முதலில் பார்க்கப்படும், ஆனால் அதன் டீஃபால்ட் வழி மட்டும் ஏற்கப்படாது. ஆகவே உள்வலைப் போக்குவரத்து உள்ளேயே நிற்கும், மற்றவை 1000-ஆம் விதிக்குச் செல்லும்.

கேட்டவர்:
900-ஆம் விதியைச் சேர்த்ததும் பிங், டிஎன்எஸ் இரண்டும் உயிர்பெற்றன. ரூட் கெட் இப்போது ஈத்2 என்கிறது, "ஐபி ரூட் கெட் 1.1.1.1 ஃப்ரம் 192.168.20.5 ஐஐஎஃப் ஈத்2" என்று கேட்டால் ஈத்1 என்றே வருகிறது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

மறுமொழி 2:
மகிழ்ச்சி. ஐபி ரூல் கட்டளையால் சேர்த்தவை ரீபூட்டில் அழிந்துவிடும் என்பதால், இரண்டு விதிகளையும் 200-இன் வழியையும் நெட்வொர்க் அமைப்புக் கோப்பிலேயே எழுதிவிடுங்கள்.